நட்சத்திரம் பார்க்க ஒரு டென்ட்: நாலு பேர் குடும்பத்துக்கு எது சரி?

“அத்தை, நம்ம ஊர்ல மட்டும் ஏன் நட்சத்திரம் கம்மியா இருக்கு?”

கேட்டது என் தம்பி மகள். ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். தம்பிக்கு காட்டுப்பள்ளி துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வீடு பக்கத்திலேயே, அத்திப்பட்டு புதுநகரில். அந்த வீட்டு மொட்டை மாடியில் ராத்திரி ஏறி நின்றால் ஒரு பக்கம் அனல் மின் நிலையத்துப் புகைபோக்கிகள், இன்னொரு பக்கம் துறைமுக விளக்குகள், சாலை முழுக்க கன்டெய்னர் லாரிகளின் ஹெட்லைட். வானம் கறுப்பாகவே இருக்காது. வெந்நீரில் மஞ்சள் கரைத்த மாதிரி ஒரு நிறம். அவள் எண்ணிப் பார்த்து நோட்டில் எழுதி வைத்திருந்தாள்: பதினொன்று.

“ஆயிரம் நட்சத்திரம் இருக்கிற இடத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்கேயே டென்ட் போட்டுத் தூங்கலாம்” என்று அவளுக்கு அப்பா வாக்குக் கொடுத்திருந்தான். இரண்டு முறை ஷிப்ட் மாறிப்போய் அந்த வாக்கு தள்ளிப்போனது. மூன்றாவது முறையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று ஆன்லைனில் ஒரு டென்டைப் பார்த்து, அன்றைக்கே ஆர்டர் போட்டுவிட்டான். 1,800 ரூபாய். ‘4 பேருக்கானது’ என்று போட்டிருந்தது. வீட்டில் நாலு பேர். வேறென்ன பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கிறான்.

நல்லவேளையாக, போவதற்கு முன் ஒரு ராத்திரி மொட்டை மாடியில் படுத்துப் பார்த்தார்கள்.

பையிலிருந்து எடுத்து வீசினால் தானாக விரிந்துகொள்ளும் பாப்-அப் டென்ட் அது. விரிந்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள். அதோடு சந்தோஷம் முடிந்தது. நாலு பேரும் படுத்தால் கை மடக்க இடமில்லை. தம்பி கால் நீட்டினால் பாதம் துணியில் இடித்தது. எண்ணூர்ப் பக்கத்துக் கொசுவுக்குப் பயந்து ஜிப்பை மூடினால் புழுக்கம். நடுராத்திரியில் சின்னவன், “அப்பா, மழை பெய்யுது” என்று எழுந்து உட்கார்ந்தான். வெளியே ஒரு தூறல்கூட இல்லை. நாலு பேர் விட்ட மூச்சுக் காற்றின் ஈரம் கூரைத் துணியில் பட்டுக் குளிர்ந்து, முகத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு மணிக்கு எல்லோரும் தலையணையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டார்கள். காலையில் அந்த டென்டை மறுபடி மடித்துப் பைக்குள் போட முடியாமல் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வேறு.

“படி இறங்கினா வீடு இருந்துச்சு, சரி. மலையில இப்படி ஆகியிருந்தா ராத்திரி ரெண்டு மணிக்குப் பிள்ளைங்களைத் தூக்கிட்டு எங்க போறது அண்ணி?” என்று தம்பி மனைவி போனில் கேட்டாள். இந்த வாரக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான்.

‘4 பேர்’ என்றால் எத்தனை பேர்?

டென்ட் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணிக்கை, ஆட்களை தீப்பெட்டிக் குச்சி மாதிரி தோளோடு தோள் ஒட்டி அடுக்கினால் வரும் கணக்கு. ஒருவருக்கு சுமார் 60 செ.மீ. அகலம், அதாவது இரண்டே அடி. பைக்கோ, தண்ணீர் பாட்டிலுக்கோ, தூக்கத்தில் உருளும் பிள்ளைக்கோ அந்தக் கணக்கில் இடம் கிடையாது.

எனவே எண்ணிக்கையை மறந்துவிட்டு, தரையின் நீள அகலத்தைப் பாருங்கள். கடைக்காரரிடம் கேட்டால் சொல்வார். ஆன்லைனில் என்றால் விவரப் பகுதியில் இருக்கும். அந்த அளவை வீட்டு ஹாலில் சாக்பீஸால் கட்டம் போட்டு, குடும்பத்தோடு உள்ளே படுத்துப் பாருங்கள். காசு செலவில்லாத சோதனை இது. தம்பி வாங்கியது 2 மீட்டருக்கு 2 மீட்டர். கட்டம் போட்டுப் பார்த்திருந்தால் ஆர்டரே போட்டிருக்க மாட்டான்.

பெரியவர்கள் இரண்டு, சின்னப் பிள்ளைகள் இரண்டு என்றால் குறைந்தது 2.4 மீட்டருக்கு 2.1 மீட்டர் வேண்டும். தாராளமாக இருக்க வேண்டுமானால் ‘5 பேர்’, ‘6 பேர்’ என்று போட்டிருப்பதைப் பார்க்கலாம். அப்பா, அம்மா, ஒரே குழந்தை என்றால் ‘4 பேர்’ டென்ட் போதும். டென்டின் சுவர்கள் சரிவாக இருப்பதால், ஆறடி ஆளுக்கு ஆறடி நீளம் பற்றாது, ஏழடி வேண்டும்.

அதற்காக மிகப் பெரியதை வாங்கிவிடவும் கூடாது. பெரிய டென்டுக்குப் பெரிய சமதரை வேண்டும், காற்றும் அதிகம் பிடிக்கும், எடையும் கூடும். சொந்தக் கார் இருந்தால் பரவாயில்லை. ரயிலிலும் பஸ்ஸிலும் போகிற குடும்பத்துக்கு 4 முதல் 6 கிலோவுக்குள் இருந்தால்தான் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க முடியும். ஒரு கையில் பிள்ளை இருக்கும் என்பதை மறக்காதீர்கள்!

ஒற்றைத் துணியா, இரட்டைத் துணியா?

நம் ஊருக்கு டென்ட் வாங்கும்போது முக்கியமான கேள்வி இதுதான். பலரும் கேட்காத கேள்வியும் இதுதான்.

விலை குறைந்த டென்டுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு துணிதான் இருக்கும். மழைக்கும் அதுவே, கொசுவுக்கும் அதுவே. தண்ணீர் உள்ளே வராத துணி, உள்ளேயிருக்கும் ஈரத்தையும் வெளியே விடாது. சின்னவன் முகத்தில் ‘மழை’ பெய்தது அதனால்தான்.

இரட்டைத் துணி டென்ட் வேறு மாதிரி. உள்ளே கொசுவலை போன்ற வலைத்துணியில் ஓர் அறை. அதற்கு மேல், ஒரு கை அளவு இடைவெளி விட்டு, மழைக்கான வெளித்துணி. மூச்சின் ஈரம் வலையைத் தாண்டி வெளித்துணியில் படிந்து, அப்படியே வழிந்து வெளியே போய்விடும். இடையில் காற்று ஓடும். வெளித்துணியின் மேல்பக்கத்தில் காற்று போக ஒரு திறப்பும், எதிரெதிராக இரண்டு வாசலோ ஜன்னலோ இருந்தால் இன்னும் நல்லது.

குளிர் நாடுகளில் டென்ட் என்றால் குளிரைத் தடுப்பது. தமிழ்நாட்டில் வருடத்தில் பெரும்பாலான நாட்கள் நமக்குப் பிரச்சினை புழுக்கமும் கொசுவும் திடீர் மழையும்தான். அதனால் வலை எவ்வளவு அதிகமோ அவ்வளவு நமக்கு நல்லது. ஊட்டி, கொடைக்கானல் குளிருக்குப் போகிறவர்கள் கம்பளியையும் தரை விரிப்பையும் கூட்டிக்கொள்ளலாம். டென்டே அடைத்த பெட்டியாக இருக்க வேண்டியதில்லை.

எங்கள் பாப்பாவுக்கு இதில் இன்னொரு லாபமும் இருந்தது. மழை இல்லாத ராத்திரியில் வெளித்துணியைக் கழற்றிவிட்டால், உள்ளே படுத்தபடியே வலை வழியாக வானம் தெரியும். கொசுவும் கடிக்காது, நட்சத்திரமும் பார்க்கலாம். கூரைப் பகுதி முழுக்க வலையாக இருக்கும் டென்ட்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

2000 மி.மீ. என்றால் என்ன?

‘வாட்டர்ப்ரூஃப் 2000 மி.மீ.’ என்று போட்டிருக்கும். மழை அளவு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். துணியின் மேல் ஒரு குழாயை நிறுத்தித் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போவார்கள். எந்த உயரத்தில் தண்ணீர் துணியைத் தாண்டிக் கசிய ஆரம்பிக்கிறதோ, அதுதான் அந்த எண். 2000 என்றால் இரண்டு மீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தத்தை அந்தத் துணி தாங்கும்.

சாதாரண மழைக்கு 1500 முதல் 2000 வரை போதும். நல்ல மழையிலும் போகிற குடும்பம் என்றால் 3000 பாருங்கள். தரைத் துணிக்கு அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஈர மண்ணின் மேல் நாம் முழங்காலை ஊன்றும்போது அந்த ஓர் இடத்தில் அழுத்தம் ஏறும். தண்ணீர் அங்கேதான் கசியும்.

எண் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், தைத்த இடத்து ஊசி ஓட்டைகளை உள்பக்கம் டேப் ஒட்டி அடைக்காவிட்டால் ஒழுகும். வெளித்துணியைத் திருப்பி, தையல் மேல் பளபளப்பான டேப் ஓடுகிறதா என்று பாருங்கள். வாங்கிய வாரமே மொட்டை மாடியில் நிறுத்தி, ஹோஸ் பைப்பில் பத்து நிமிஷம் தண்ணீர் அடித்துப் பார்த்துவிடுங்கள். ஒழுகினால் திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் தெரிந்துவிடும்.

“காத்துக்கு முதுகக் காட்டு!”

இரண்டாவது டென்டை மாடியில் நிறுத்தும்போது வீட்டு ஓனர் பெரியவர் மேலே வந்தார். வயதான காலம் வரை கடலுக்குப் போனவர். தம்பி டென்டின் அகலமான பக்கத்தைக் கடல் காற்றுக்கு நேராக வைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். டென்ட் பாய்மரம் மாதிரி உப்பியது.

“காத்துக்கு நெஞ்சக் காட்டாத தம்பி, முதுகக் காட்டு” என்றார். குறுகலான, தாழ்ந்த பக்கத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்பி, வாசலை அதற்கு எதிர்ப்புறம் வைக்கச் சொன்னார். உப்பல் அடங்கியது.

மாடியில் ஆணி அடிக்க முடியாது என்பதால் சிமென்ட் சாக்கில் மணல் கட்டி நாலு மூலையிலும் கயிற்றைக் கட்டினார். கடற்கரை மணலிலும் இதே வித்தைதான் என்றார். டென்டோடு வரும் மெல்லிய கம்பி ஆணிகள் மணலில் நிற்காது. ஒரு பையில் மணலை நிரப்பிக் கயிறு கட்டி, ஒரு முழ ஆழத்தில் புதைத்துவிட்டால் அசையாது. செம்மண்ணில் அந்த ஆணிகளே போதும், வெளிப்பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும். பாறை என்றால் பெரிய கல்லில் கயிற்றைச் சுற்ற வேண்டியதுதான்.

கம்பிகளில் இரண்டு வகை. ஃபைபர் கம்பி விலை குறைவு, எடை கூடுதல். பலத்த காற்றில் நீளவாக்கில் பிளந்துவிடும். அலுமினியம் விலை கூடுதல், எடை குறைவு. வளைந்தாலும் ஓரளவு நிமிர்த்திக்கொள்ளலாம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை போகிற குடும்பத்துக்கு ஃபைபரே போதும். பிளந்தால் சமாளிக்க ஒட்டு டேப் ஒரு சுருள் பையில் இருக்கட்டும்.

நின்றுகொண்டே உடை மாற்றும் உயரத்தில், அறை மாதிரி டென்டுகளும் கிடைக்கின்றன. வசதிதான். ஆனால் நேர்ச் சுவர் காற்றை நன்றாகப் பிடிக்கும். மலையிலும் கடலோரத்திலும் கவிழ்த்த கிண்ணம் மாதிரி இருக்கும் ‘டோம்’ வகைதான் நம்பகமானது. நடுவில் நாலரை அடி உயரம் இருந்தால், உட்கார்ந்து பிள்ளைக்குச் சட்டை மாட்ட முடியும்.

எங்கே போடுவது?

நல்ல டென்டைத் தவறான இடத்தில் போட்டால் அது ஆபத்து. வீட்டுக்குப் பக்கத்தில்தானே கடற்கரை, அங்கேயே போடலாமே என்று தம்பிக்கு முதலில் ஓர் எண்ணம் இருந்தது. அலை ஏறி வருகிற கரை, லாரி நடமாட்டம், துறைமுகக் கட்டுப்பாடு என்று அது குழந்தைகளோடு படுக்கிற இடமே இல்லை. நட்சத்திரமும் தெரியாது!

காட்டுக்குள் நினைத்த இடத்தில் டென்ட் போடவும் முடியாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போனவர்கள் 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளே கொண்டுவந்தது. 2024-ல் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை அறிவித்து, ஆன்லைனில் பதிவு செய்து வழிகாட்டியோடு போகும் ஏற்பாடும் வந்திருக்கிறது. 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில் தனியார் விடுதி டென்டில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். யானை நடமாடும் பகுதியில், எவ்வளவு விலை உயர்ந்த துணியும் துணிதான்.

சின்னப் பிள்ளைகளோடு முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஆள் குடியிருக்கும் வீட்டுக்குப் பக்கத்தில், கழிப்பறை வசதியோடு, உரிமையாளர் அனுமதி தந்த இடமாக இருக்கட்டும். காய்ந்த ஓடையிலும் ஆற்றுப் படுகையிலும் போடாதீர்கள். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே திடீரென வெள்ளம் வரும். தென்னை மரத்தடியும், பட்ட கிளைக்கு அடியும் வேண்டாம். காலை வெயில் ஏழு மணிக்கே டென்டை அடுப்பாக்கிவிடும் என்பதால், கிழக்கே மரமோ மேடோ இருந்தால் இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.

அடுத்தது, தாய்மார்கள் கவனிக்க வேண்டியது. டென்டுக்குள் அடுப்பு வேண்டாம். குளிருக்குக் கரித்தணலும் வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் வேண்டவே வேண்டாம். துணி நெருப்புப் பட்டால் உருகி மேலே ஒட்டும். கரிப்புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். சமையல் எல்லாம் வெளியே, டென்டிலிருந்து பத்தடியாவது தள்ளி.

விலையும் பராமரிப்பும்

நாலு பேர் குடும்பத்துக்கு, இரட்டைத் துணி, டேப் ஒட்டிய தையல், ஃபைபர் கம்பி உள்ள டென்ட் சுமார் 5,000 ரூபாயிலிருந்து 10,000 வரை ஆகலாம். முதல் பயணத்துக்கே இவ்வளவு செலவா என்று தோன்றினால், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். ஒரு பயணம் போய் வந்தால், உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவரும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

டென்டுக்கு அடியில் போட ஒரு தார்ப்பாய் வாங்கிக்கொள்ளுங்கள். அது டென்டின் தரையைவிட நாலு விரல் சின்னதாக இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரை அதுவே பிடித்து அடியில் தேக்கிவிடும்.

திரும்பி வந்ததும் ஈரத்தோடு மடித்து வைக்காதீர்கள். இரண்டே நாளில் பூசணம் பிடித்து நாறும். கடற்கரைக்குப் போயிருந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். உப்பு, ஆணியையும் ஜிப்பையும் தின்றுவிடும். ஷீட் கூரைக்கு அடியில் பரணில் போடவும் வேண்டாம். சென்னை வெக்கையிலும் ஈரத்திலும் துணியின் உள்பூச்சு பிசுபிசுத்து உரிய ஆரம்பிக்கும். பீரோவுக்கு அடியில், தளர்வாக மடித்து வைத்தால் பல வருஷம் வரும்.

பயணம் என்ன ஆனது?

டிசம்பர் புயல் மாதம். 2023-ன் மிக்ஜாமுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் யாரும் டிசம்பரில் ஊர்ப் பயணத்துக்குத் திட்டம் போடுவதில்லை. அதனால் தை மாதம் என்று முடிவானது. நிலா வெளிச்சம் இல்லாத நாள் வேண்டும் என்று தினசரி காலண்டரைப் புரட்டினார்கள். தை அமாவாசையன்று அப்பாவுக்குத் தர்ப்பணம் இருக்கிறது. அடுத்து வந்த சனி, ஞாயிறில் தம்பிக்கு லீவ் கிடைத்தது. அந்த நாட்களில் பிறை சீக்கிரமே மறைந்துவிடும்.

போன இடம் ஜவ்வாது மலை, ஆலங்காயத்துக்கு மேலே. தம்பியோடு வேலை பார்ப்பவரின் சொந்த ஊர் அந்தப் பக்கம். அவர்கள் வீட்டை ஒட்டி, அறுவடை முடிந்த சாமை நிலம். அதே மலையில்தான் காவலூர் வானியல் ஆய்வகம் இருக்கிறது. 1986-ல் இயங்கத் தொடங்கிய 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான். நகர வெளிச்சம் எட்டாத இருட்டுக்காக விஞ்ஞானிகள் தேடிப் பிடித்த மலை. பாப்பாவுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது.

டென்டை நிறுத்த இருபது நிமிஷம் ஆனதாம். மாடியில் மூன்று முறை பழகியிருந்ததால் சண்டை இல்லை. குறுகலான பக்கம் காற்றுக்கு, வாசல் அந்த வீட்டைப் பார்த்து. சாப்பிட்டு முடித்து, வெளித்துணியைக் கழற்றிவிட்டு நாலு பேரும் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். தலைக்கு மேலேயே கார்த்திகைக் கூட்டம். பாட்டி சொன்ன ஆறு மீனையும் பாப்பா தனித்தனியாக எண்ணிவிட்டாள். அதற்கு மேல் எண்ண முடியவில்லையாம். நோட்டில் பதினொன்றுக்குக் கீழே ‘நிறைய’ என்று மட்டும் எழுதியிருந்தாள்.

நடுராத்திரிக்கு மேல் பனி இறங்கியது. தம்பி எழுந்து வெளித்துணியைப் போட்டான். உள்ளே யார் முகத்திலும் ஒரு சொட்டு விழவில்லை. காலையில் அவர்களை வெயில்தான் எழுப்பியதாம்.

பழைய பாப்-அப் டென்ட் இப்போது மொட்டை மாடியில் சின்னவனின் விளையாட்டு வீடு. அதை இன்னும் யாராலும் மடிக்க முடியவில்லை!

இந்த வாரம் லீவ் நாளில் ஒரு சாக்பீஸை எடுத்து, ஹாலில் கட்டம் போட்டுப் பாருங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.